‘நல்லாத்தான் இருக்கு’ கணவன்மார்களுக்கு

ஜவுளிக்கடை மாடிப்படியில் கையில் மூன்று பையும் காதில் போனுமாக நிற்கும் பெரம்பூர்க் கணவன்மார்களுக்கு,

படியை விட்டுக் கொஞ்சம் ஒதுங்கி நின்று படியுங்கள். மேலே ஏறுகிறவர்களுக்கு வழி வேண்டும்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அண்ணன் மகளின் வளைகாப்புக்குச் சேலை எடுக்க எம்.சி. ரோடு போயிருந்தேன். பெரம்பூரிலேயே மால் வந்துவிட்டது, பேப்பர் மில்ஸ் ரோட்டிலும் கடைகளுக்குப் பஞ்சமில்லை. இருந்தாலும் விசேஷத்துக்குத் துணி என்றால் பழைய வண்ணாரப்பேட்டைக்கு ஆட்டோ ஏறினால்தான் எனக்கு மனசு ஆறும். போன இடத்தில் ஒரே கடையில் உங்களில் பதினோரு பேரை எண்ணினேன். நாலு பேர் படியில். மூன்று பேர் பில் போடும் இடத்தில் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் வாசலுக்கு வெளியே, கரும்பு ஜூஸ் வண்டி நிழலில். மீதி மூன்று பேர் மனைவிக்குப் பக்கத்தில்தான் நின்றார்கள், ஆனால் அங்கே இல்லை. பன்னிரண்டாவது ஆள் என்னோடு வந்தவர். அவர் கதை பிறகு.

அந்த மூன்று பேரில் ஒருவரின் மனைவி ஒரு சேலையை எடுத்து, “ஏங்க, இது எப்படி?” என்றார். சேலை இன்னும் பிளாஸ்டிக் உறைக்குள்தான் இருந்தது. பிரிக்கவில்லை, முந்தியைப் பார்க்கவில்லை, கரை எவ்வளவு அகலம் என்றே தெரியாது. அவர் போனிலிருந்து கண்ணை எடுக்காமல் தீர்ப்பு வழங்கினார்: “நல்லாத்தான் இருக்கு. எடுத்துக்கோ.”

இந்தத் ‘தான்’ பற்றி உங்களிடம் கொஞ்சம் பேச வேண்டும். ‘நல்லா இருக்கு’ என்றால் நல்லா இருக்கிறது. ‘நல்லாத்தான் இருக்கு’ என்றால் அப்படி இல்லை. சாம்பார் நல்லாத்தான் இருக்கு என்றால் உப்பு கம்மி. மாப்பிள்ளை நல்லாத்தான் இருக்கார் என்றால் பெண் வீட்டார் இன்னும் நாலு ஜாதகம் பார்க்கப் போகிறார்கள். அந்த அம்மாவும் பிறந்ததிலிருந்து தமிழ் பேசுகிறவர்தானே? தானைக் கேட்டதும் சேலையைத் திரும்ப அடுக்கில் செருகிவிட்டு அடுத்ததை உருவினார். “இது?” “அதுவும் நல்லாத்தான் இருக்கு.” மூன்றாவது. நாலாவது. சீக்கிரம் வீட்டுக்குப் போகலாமே என்று அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தைதான் அவரை இன்னும் ஒரு மணி நேரம் அங்கே நிறுத்திவைத்தது. நான் கிளம்பும்போதும் நின்றுகொண்டிருந்தார்.

எனக்கு இதில் முப்பத்து நாலு வருஷ அனுபவம். என் வீட்டுக்காரர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்து ஓய்வு பெற்றவர். 1955 அக்டோபர் 2ஆம் தேதி நேரு வந்து திறந்துவைத்த ஆலை. அங்கிருந்து எழுபதாயிரத்துக்கும் மேல் பெட்டிகள் வெளியே போயிருக்கின்றன. கல்யாணமான புதிதில், வெல்டிங்கில் விரிசலை எப்படிக் கண்டுபிடிப்பது என்று எனக்குப் பாடம் நடத்தியிருக்கிறார். சிவப்புச் சாயத்தை அடிப்பார்களாம். கொஞ்ச நேரம் ஊறவிட்டு மேலாகத் துடைத்துவிட்டு, வெள்ளை மருந்தைத் தெளிப்பார்களாம். விரிசலுக்குள் போய் ஒளிந்துகொண்ட சாயம் வெள்ளைக்கு மேலே சிவப்புக் கோடாகக் கசிந்து வரும். தலைமுடி அளவு விரிசல்கூடத் தப்பாது. வெல்டர் சொந்த மச்சானாக இருந்தாலும் சரி, சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டுவிட்டு வந்துவிடுவார். அந்த விஷயத்தில் ஆள் நெருப்பு.

இந்த நெருப்பைத்தான் ஒரு தீபாவளிக்குச் சேலைக்கடைக்கு அழைத்துப் போனேன். இரண்டாவது மாடி, வரிசையாக டியூப்லைட். அரக்கு நிறத்தில் ஒரு சேலை, மெல்லிய ஜரிகைக் கரை. “எப்படிங்க?” என்றேன். “சூப்பர்” என்றார். அன்றைக்குத் ‘தான்’கூட இல்லை. வாங்கினேன், ஃபால்ஸ் தைத்தேன், ஜாக்கெட் தைத்தேன். தீபாவளியன்று காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். அப்போதுதான் வெயில் ஏறியிருந்தது. பட்டாசுக் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

“அட, இது பழைய பெட்டி கலர் ஆச்சே.”

தொண்ணூறுகளில் நீலத்துக்கு மாறுகிறவரை ரயில் பெட்டிகளுக்கு அடித்தார்களே, அந்தச் செங்கல் சிவப்பு. பெரம்பூரில் வளர்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வீட்டுக்கு வந்திருந்த நாத்தனார் பிள்ளைகள் அதைக் கேட்டுவிட்டன. அன்றைக்கு முழுக்க என் முந்தியைப் பிடித்துக்கொண்டு கூ என்று கத்தியபடி வரிசையாக ஓடின.

இரவு கேட்டேன். “கடையிலேயே தெரிஞ்சுதா?”

“லேசா தோணிச்சு.”

“ஏன் சொல்லல?”

“நீ ஆசையா பார்த்துக்கிட்டு இருந்தே.”

உங்கள் எல்லோருடைய வக்கீல் வாதமும் இந்த ஒரு வாக்கியம்தான். மனசு நோகக்கூடாது, ஆசையைக் கெடுக்கக்கூடாது, பண்டிகை நாளில் எதுக்கு வம்பு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது (தானைக் கவனியுங்கள்). நானும் பல வருஷம் நம்பினேன். பிறகுதான் யோசித்தேன்: வெல்டரும்தானே ஆசை ஆசையாக அந்த ஜாயின்டைப் போட்டிருப்பான்? அவன் மனசு நோகுமே என்று இவர் ஒரு நாளாவது சாக்பீஸைப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்தாரா? இல்லை. ஏனென்றால் அங்கே பார்ப்பது அவர் வேலை. சேலைக்கடையில் பார்ப்பது என் வேலை, பணம் கொடுப்பதும் பை பிடிப்பதும்தான் தன் வேலை என்று முடிவு கட்டிவிட்டார். என் ஆசைக்கு இரக்கப்பட்டதாக அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். உண்மையில் அவர் அந்தச் சேலையைப் பார்க்கவே இல்லை.

இது என்ன ஊர் என்றாவது நினைத்துப் பாருங்கள். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது பெரம்பூர் மில் ஆட்களை வைத்துத்தான். செல்வபதி செட்டியார், இராமானுஜலு நாயுடு என்ற இரண்டு உள்ளூர் வியாபாரிகள் தொடங்கிவைக்க, பி.பி. வாடியா தலைவராக வந்தார், திரு.வி.க. கூட நின்றார். வெள்ளைக்கார மேனேஜர் முகத்துக்கு நேரே ‘இது சரியில்லை’ என்று சொன்ன ஆட்களின் பேரன்கள் நீங்கள். ஆறு மீட்டர் துணியைப் பார்த்து அதே வார்த்தையைச் சொல்ல நாக்கு எழவில்லை.

என் மாமனார் அந்த மில்லில்தான் இருந்தார். பக்கிங்ஹாம், கர்நாடிக் என்று இரண்டாக இருந்து 1920இல் ஒன்றான மில். எங்கள் வீட்டில் ‘பின்னி மில்’ என்றால் போதும். காக்கித் துணிக்குப் பேர் போனது. துணியை மடித்துக் கட்டுகிற இடத்தில் அவருக்கு வேலை. 1996இல் மில்லை மூடினார்கள். அதற்குப் பிறகும் துணி என்று எதைக் கையில் கொடுத்தாலும் அவர் செய்கிற முதல் காரியம், ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து வாசலுக்குப் போவது. கடையாக இருந்தாலும் அதேதான். சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிடுவார், பின்னாலேயே கடைப் பையன் பதறிக்கொண்டு ஓடுவான்.

காரணம் இருக்கிறது. கடை விளக்கு வெளிச்சம் சூரிய வெளிச்சம்போல எல்லா நிறத்தையும் சரிசமமாகச் சுமந்து வருவதில்லை. பழைய டியூப்லைட்டுக்குச் சிவப்புப் பக்கம் கொஞ்சம் கஞ்சத்தனம். துணியின் சாயம் எந்த நிறத்தைத் திருப்பி அனுப்ப வேண்டுமோ அந்த நிறம் வெளிச்சத்திலேயே குறைவாக இருந்தால், அது எங்கிருந்து அனுப்பும்? அதனால்தான் மாடியில் அரக்காகத் தெரிந்தது வாசலில் செங்கல்லாகிவிடுகிறது. ரவிக்கைத் துணி கடையில் சேலையோடு ஒட்டிப்போய், கல்யாண மண்டபத்து முற்றத்தில் தனியாக எட்டிப்பார்ப்பதும் இதே கதைதான். மயில்கழுத்து நிறம் இன்னும் மோசம். பாவில் ஒரு நிறம், ஊடையில் இன்னொரு நிறம் போட்டு நெய்வது. நேராகப் பார்த்தால் நீலம், சாய்த்தால் பச்சை. ஸ்டூலில் உட்கார்ந்த இடத்திலிருந்து அதற்கு அபிப்பிராயம் சொல்வது, பிளாட்பாரத்தில் நின்றுகொண்டு என்ஜினுக்குள் என்ன சத்தம் என்று சொல்வதுபோல.

மாமனார் வாசலில் நின்று வேறு சிலதும் செய்வார். கைக்குட்டை நுனியை நனைத்துத் துணியின் உள்பக்கம் அழுத்தித் தேய்ப்பார், சாயம் ஒட்டுகிறதா என்று. ஓரத்தில் தொங்கும் ஒரு நூலைப் பிய்த்துத் தீக்குச்சியில் காட்டுவார். காகிதம் கருகும் வாசனையோடு சாம்பலாக உதிர்ந்தால் பருத்தி. தலைமுடி பொசுங்கும் நாற்றம் வந்து, விரலில் நசுக்கினால் பொடியாகும் கரித்துளி நின்றால் பட்டு. உருகிச் சுருண்டு மணி மாதிரி கெட்டியானால் பாலியஸ்டர். இத்தனையும் முடித்துவிட்டு உள்ளே வந்து மாமியாரிடம் ஒரே வரி சொல்வார்: “துணி பழுதில்ல. எனக்குக் கரை பிடிக்கல. உனக்குப் பிடிச்சா எடு.” மாமியார் சில சமயம் எடுப்பார், சில சமயம் மாட்டார். இரண்டு பேரும் அதைப் பற்றி அப்புறம் பேசி நான் கேட்டதில்லை.

இந்த மனிதருக்கு எப்படி இப்படி ஒரு பிள்ளை என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

சரி, உண்மையைச் சொல்லச் சொன்னால் வேறு ஒரு கூட்டம் கை தூக்கும். ‘நாங்க எப்பவும் உண்மையைத்தான் சொல்றோம்’ என்பார்கள். இவர்களுக்குத்தான் இந்த மடலில் அதிகம் திட்டு. “உன் கலருக்கு இது எடுக்காது.” “இதைக் கட்டினா இன்னும் குண்டாத் தெரிவே.” இது சேலையைப் பற்றிய அபிப்பிராயமா? பிஸ்தா பச்சையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிற பெண்ணிடம் கடைக்காரர் “மேடம் கலருக்கு டார்க் வேணாம், டல்லடிக்கும்” என்று ஏற்கெனவே சொல்லியிருப்பார். பள்ளிக்கூடத்தில் கேட்டிருப்பாள், பெண் பார்க்க வந்த இடத்தில் கேட்டிருப்பாள். வெளுப்பாக்குவதாகச் சொல்லி விற்ற முகப்பூச்சே 2020இல் தன் பெயரில் இருந்த ‘ஃபேர்’ஐ எடுத்துவிட்டு ‘கிளோ’ என்று மாற்றிக்கொண்டது. நம் வீட்டு வாய்கள் இன்னும் மாற்றிக்கொள்ளவில்லை. நாலு பேர் நிற்கிற கடையில் கட்டின புருஷன் வாயிலிருந்தும் அதையே கேட்டால், அவள் சிரித்துக்கொண்டே சேலையை மடித்து வைத்துவிடுவாள். அன்றைக்கு நீங்கள் மிச்சம் பிடித்த காசு உங்களுக்குச் செரிக்கட்டும்.

என் தெருவில் ஒரு பெண் கறுப்புச் சேலை மட்டும் வாங்கவே மாட்டாள். கறுப்பு அவளுக்கு எவ்வளவு எடுப்பாக இருக்கும் என்று நாங்கள் எல்லோரும் சொல்லிப் பார்த்துவிட்டோம். கல்யாணமான முதல் வருஷம் எதற்காகவோ ஒருவர் சொன்ன ஒரு சொல். சொன்னவருக்கு ஞாபகம்கூட இல்லையாம்.

குறை சொல்ல வேண்டுமா, சேலையைச் சொல்லுங்கள். ஜரிகை பளபளக்கிறது, பூ பெரிதாக இருக்கிறது, கரை உடம்போடு ஒட்டவில்லை, துணி விறைப்பு, உட்கார்ந்து எழுந்தால் கொசுவம் தூக்கிக்கொண்டு நிற்கும். எவ்வளவு இருக்கிறது சொல்ல! ஒரு வெல்டிங்குக்கு இத்தனை குறை கண்டுபிடிக்கிறவர்களுக்குச் சேலையில் இடமா இல்லை?

இன்னொரு தந்திரமும் எங்களுக்குத் தெரியும். மனைவி காட்டுகிறார், உங்கள் கண் முதலில் விலைச் சீட்டுக்குப் போகிறது. அப்புறம்தான் சேலைக்கு வருகிறது. உடனே “கலர் ஒரு மாதிரி இருக்கே.” அது என்ன பாவம் செய்தது, அந்தக் கிளிப்பச்சை? காசு இல்லை என்றால் காசு இல்லை என்று சொல்லுங்கள். பல வருஷங்களாக ரயில்வேக்கு 78 நாள் போனஸ் என்று பேப்பரில் கொட்டை எழுத்தில் வருகிறது. படிக்கிற சொந்தக்காரர்கள் இரண்டரை மாதச் சம்பளம் கைக்கு வந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். மாதத்துக்கு 7,000 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்துத்தான் கணக்கு. 78 நாளுக்கும் சேர்த்து அதிகபட்சம் 17,951 ரூபாய். அதில் வீட்டில் எல்லோருக்கும் துணி, பட்டாசு, இனிப்பு, ஊருக்குப் போக வர டிக்கெட். ஐ.சி.எஃப்., லோகோ பட்டறை, கேரேஜ் பட்டறை வீட்டுப் பெண்களுக்கு இந்தக் கணக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். “நாலாயிரத்துக்கு மேல வேணாம்மா” என்று ஆட்டோவிலேயே சொல்லிவிட்டால், அவர் நேரே நாலாயிரத்து அடுக்குக்குப் போய் அதில் நல்லதைப் பொறுக்கிவிடுவார்.

மேஜைக்கு அந்தப் பக்கம் நிற்கிற பெண்ணையும் கொஞ்சம் பாருங்கள். காலையிலிருந்து நிற்கிறாள். 2021இல் தமிழ்நாட்டில் சட்டத்தைத் திருத்தி, கடையில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று ஆக்கினார்கள். இருக்கை இருந்தாலும், நாற்பது சேலை முன்னால் மலைபோலக் கிடக்கும்போது எங்கே உட்காருவது? நீங்கள் ‘எல்லாம் நல்லாத்தான் இருக்கு’ என்று சொன்ன ஒவ்வொன்றையும் அவள்தான் பழையபடி மடித்து, கரை வெளியே தெரிய அடுக்க வேண்டும். மூன்றாவது சேலையிலேயே “பெரிய பூ வேண்டாம், சின்னக் கரையா காட்டும்மா” என்று வாயைத் திறந்திருந்தால் இருபது சேலை உறையை விட்டே வந்திருக்காது. அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பெண் மடித்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்: “சாருங்க கூட வந்தாத்தான்க்கா லேட்டாகும்.”

எப்போது சொல்வது என்று கேட்பீர்கள். கத்திரிக்கு முன்னால். சேலையோடு சேர்ந்து வருகிற எண்பது சென்டிமீட்டர் ரவிக்கைத் துணியில் டெய்லர் கத்திரி வைக்கிறவரைக்கும்தான் உங்கள் அபிப்பிராயத்துக்கு ஆயுசு. அதற்கப்புறம் எந்தக் கடையும் திருப்பி எடுக்காது. குறையுள்ள பொருளைத் திருப்பி வாங்க மறுத்தால் 2019ஆம் வருஷத்து நுகர்வோர் சட்டத்தில் கேட்க இடம் உண்டு. கணவருக்கு வெயிலில் பிடிக்காமல் போனது அந்தச் சட்டத்தில் குறையாக வராது. கடையில் சொல்லாததை வீட்டுக்கு வந்து சொல்வதற்கு உங்களுக்கு உரிமையே இல்லை. விசேஷ வீட்டு வாசலில் சொல்வதற்குத் துளிகூட இல்லை.

என் பக்கமும் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. ஒரு பொங்கலுக்கு இவர் தனக்கு ஒரு சட்டை எடுத்தார். காப்பிப்பொடி நிறத்தில் அகலக் கோடு, காலர் இத்தனை நீளம். எனக்குக் கால் வலி, மதியம் இரண்டு மணி, பசி. “எப்படி?” என்று கண்ணாடி முன்னால் நின்று கேட்டார். “நல்லாத்தான் இருக்கு” என்றேன். ஆண்களுக்குத் ‘தான்’ கேட்பதில்லை போல. ஒன்றுக்கு இரண்டாக எடுத்துவிட்டார். எட்டு வருஷம் உழைத்தன அந்தச் சட்டைகள். மச்சினர் கல்யாண ஆல்பத்தில், மகனின் பள்ளி ஆண்டு விழா போட்டோவில், எங்கள் திருப்பதி படத்தில், எல்லாவற்றிலும் அந்தக் கோடு. ஒவ்வொரு முறையும் ஆல்பத்தைத் திறக்கும்போது எனக்கு அந்த மதியப் பசி ஞாபகம் வரும். நான் அவரிடம் இதை ஒத்துக்கொண்டது போன வருஷம்தான். “அப்படியா?” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “துணி நல்ல துணி” என்றார். மில்காரர் பிள்ளை.

அந்தப் பேச்சுக்குப் பிறகுதான் எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம் வந்தது. அது என்னவென்று தெரிய, பன்னிரண்டாவது ஆளின் கதைக்கு வருகிறேன்.

அன்றைக்கு எம்.சி. ரோட்டில் எனக்கு ஒரு மாம்பழ மஞ்சள் பிடித்துப்போனது. கரை பச்சை. “ஏங்க, இது எப்படி?” என்றேன். போனைச் சட்டைப் பையில் போட்டார். சேலையைத் தோளில் போட்டார். மூன்று படிக்கட்டும் இறங்கி வாசலுக்கு நடந்தார். பின்னாலேயே கடைப் பையன் ஓடினான், நானும் ஓடினேன். கரும்பு ஜூஸ் வண்டிப் பக்கத்தில் வெயிலில் பிரித்துப் பிடித்தார். திருப்பினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, கரையும் உடலும் சேரும் இடத்தை ஒரு கையால் தடவிக்கொண்டே போனார். ஒரு இடத்தில் நின்றார்.

“இங்க இழை விட்டிருக்கு.”

இரண்டு அங்குலத்துக்கு ஊடை நூல் நெய்யப்படாமல் மிதந்துகொண்டிருந்தது. என் கண்ணுக்குக் காட்டிய பிறகும் சட்டென்று தெரியவில்லை. பையன் குனிந்து பார்த்துவிட்டு, “ஆமாண்ணா” என்று மேலே போய் அதே நிறத்தில் வேறு பீஸ் கொண்டுவந்தான். அதையும் தடவிப் பார்த்தார். சரியாக இருந்தது.

“எப்படி, சொல்லுங்க.”

“துணி பழுதில்ல. எனக்கு இந்த மஞ்சள் பிடிக்கல. ரொம்பக் கத்துது.”

“எனக்குப் பிடிச்சிருக்கு.”

“அப்ப எடு. கேட்டே, சொன்னேன்.”

எடுத்தேன். கேட்டதிலிருந்து எடுத்ததுவரை மொத்தம் இருபது நிமிஷம். படியில் நின்ற நீங்கள் நாலு பேரும் எங்களுக்கு வழிவிட்டீர்கள், ஞாபகமிருக்கிறதா?

நேற்று ஜாக்கெட் வந்தது. அளவு பார்க்கச் சேலையோடு கட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். பேப்பருக்கு மேலாக எட்டிப் பார்த்தார். ஜன்னல் பக்கம் திரும்பச் சொன்னார். திரும்பினேன்.

“இப்ப எப்படி இருக்கு?”

“இப்பவும் பிடிக்கல” என்றார். “ஜாக்கெட் நல்லா தைச்சிருக்காங்க.”

இப்படிக்கு,
பழைய பெட்டி கலர் சேலையை இன்னும் பீரோவில் வைத்திருக்கும்
பெரம்பூர்க்காரி